திறக்காமல் அறிவது: அணுப்பொருளைக் காமா கதிர்கள் எப்படிக் காட்டிக்கொடுக்கின்றன?

ஒரு நாட்டின் கிடங்கில் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் இருப்பதாகச் சர்வதேச அணுசக்தி முகமை அறிக்கை வெளியிடுகிறது. அந்த யுரேனியம் உலோக உருளைகளுக்குள் அடைக்கப்பட்டு, முத்திரை வைக்கப்பட்டிருக்கிறது. ஆய்வாளர்கள் போகும்போதெல்லாம் ஒவ்வோர் உருளையையும் திறந்து பார்ப்பதில்லை. பிறகு உள்ளிருப்பதை எப்படிச் சரிபார்க்கிறார்கள்? இன்னொரு செய்தியில், துறைமுகத்தில் கதிர் உணரிகள் இருந்தும் கடத்தல் பொருள் தப்பியது என்கிறார்கள். உருளைக்குள் இருக்கும் செறிவையே சொல்லும் கருவிக்கு ஒரு பெட்டிக்குள் இருப்பது எப்படித் தெரியாமல் போகும்?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இயற்பியலில் இருக்கிறது. அணுப்பொருள் தன் அடையாளத்தைக் காமா கதிராகத் தானே வெளியிடுகிறது. அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்து விழுங்குவதும் அதே பொருள்தான். இந்தத் துறையில் உள்ள கருவிகளும் தந்திரங்களும் பெரும்பாலும் இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையில் வழி தேடியவை.

ஏன் சிதைக்காமல் சோதிக்க வேண்டும்?

யுரேனியத்தையோ புளுட்டோனியத்தையோ மிகத் துல்லியமாக அளக்க வேண்டுமென்றால், ஒரு துளி மாதிரி எடுத்து அமிலத்தில் கரைத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறை நிறமாலைமானியில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. முகமை சேகரிக்கும் மாதிரிகள் வியன்னாவுக்கு அருகே உள்ள சைபர்ஸ்டார்ஃப் ஆய்வகங்களுக்குப் போகின்றன. துல்லியத்தில் இந்த முறையைக் காமா அளவீடு நெருங்க முடியாது. ஆனால் மாதிரியை அனுப்பி முடிவு வரக் காலம் பிடிக்கும். கதிரியக்கக் கழிவு சேரும். மாதிரி எடுத்த இடத்தைப் பற்றி மட்டுமே விடை கிடைக்கும் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். பற்றவைத்து மூடிய எரிபொருள் தண்டிலோ, கழிவு அடைத்த பீப்பாயிலோ, அணுகுண்டின் உட்பகுதியிலோ மாதிரி எடுக்கவே முடியாது.

ஆகவே சோதனையாளர் தன்னிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார். அவற்றுக்கு வேண்டிய துல்லியம் படிப்படியாகக் கூடுகிறது.

1. சொன்ன பொருள் உள்ளே இருக்கிறதா, அல்லது அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்திருக்கிறார்களா?
2. அதில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, வெற்றுப் பொருளால் நிரப்பியிருக்கிறார்களா?
3. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத சிறு அளவாக நீண்ட காலம் எடுத்துக்கொண்டே வருகிறார்களா?

முதல் கேள்விக்குக் காமா கதிர்கள் சில நிமிடங்களில் விடை தந்துவிடும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் தரும். மூன்றாவதற்கு ஆய்வகம் வேண்டும்.

அணுக்கரு இடும் கையெழுத்து

கதிரியக்க அணுக்கரு சிதையும்போது, புதிதாக உருவாகும் கரு பெரும்பாலும் கூடுதல் ஆற்றலோடு பிறக்கிறது. அந்த உபரியை ஒளியைப் போன்ற ஒரு துகளாக வெளியேற்றிவிட்டு அமைதியடைகிறது. இதுதான் காமா கதிர். அணுக்கருவுக்குள் ஆற்றல் படிகள் நிலையான உயரங்களில் இருப்பதால், வெளிவரும் கதிரின் ஆற்றலும் ஒவ்வோர் ஐசோடோப்புக்கும், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட ஒவ்வொரு வகைக்கும், நிலையானது. வெப்பமோ அழுத்தமோ, அந்த அணு உலோகத்தில் இருக்கிறதா, ஆக்சைடில் இருக்கிறதா என்பதோ இதை மாற்றாது. வேதியியல் மாற்றங்கள் அணுவின் வெளிப்புறத்தோடு நின்றுவிடுகின்றன. கரு அவற்றைக் கண்டுகொள்வதில்லை.

ஆற்றலை அளக்கும் அலகு கிலோ எலக்ட்ரான் வோல்ட், இனி கி.எ.வோ. என்று குறிப்பிடுவோம். வந்த கதிர்களை ஆற்றல்வாரியாக அடுக்கிய வரைபடம்தான் நிறமாலை. அதில் ஒரு குறிப்பிட்ட ஆற்றலில் எழும் கூர்மையான சிகரத்தைக் கோடு என்பார்கள். நினைவில் வைக்க வேண்டிய கோடுகள் சிலதான்.

1. யுரேனியம்-235: 185.7 கி.எ.வோ. ஒரு கிராம் யுரேனியம்-235 இந்த ஆற்றலில் நொடிக்குச் சுமார் 43,000 காமா கதிர்களை வெளியிடுகிறது.
2. யுரேனியம்-238: நேரடியாகத் தெளிவான கோடு இல்லை. அது சிதைந்து உருவாகும் வழித்தோன்றலான புரோட்டாக்டினியம்-234, 1001 கி.எ.வோ. ஆற்றலில் கிராமுக்கு நொடிக்குச் சுமார் 100 கதிர்களைத் தருகிறது.
3. புளுட்டோனியம்-239: பல கோடுகள், 375, 414 கி.எ.வோ. இரண்டும் நன்கு பயன்படுபவை.
4. அமெரிசியம்-241: 59.5 கி.எ.வோ. புளுட்டோனியம்-241 சிதைந்து இது உருவாகிறது. எனவே பழைய புளுட்டோனியத்தில் கூடுதலாக இருக்கும்.

இரண்டாவது கோட்டில் ஒரு பொறி உண்டு. யுரேனியம்-238க்கும் அதன் வழித்தோன்றல்களுக்கும் இடையே சமநிலை வர ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆகும். புதிதாகச் சுத்திகரித்த யுரேனியத்தில் 1001 கோடு மங்கலாக இருக்கும். செறிவூட்டலுக்குப் பயன்படும், சூடாக்கினால் வாயுவாகும் சேர்மமான யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு நிரப்பிய உருளையைச் சூடாக்கிக் காலிசெய்தால், யுரேனியம் வாயுவாக வெளியேறிவிடும். ஆவியாகாத வழித்தோன்றல்கள் சுவரில் தங்கிவிடும். அப்போது காலி உருளைகூடச் சில மாதங்களுக்கு 1001 கோட்டைப் பலமாகக் காட்டும். பொருளின் வரலாற்றை அறியாமல் கோட்டை மட்டும் படிப்பவர் ஏமாந்துபோவார்.

இன்னொரு குழப்பம் செறிவூட்டல் பற்றியது. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 வெறும் 0.71 சதவீதம்; மீதி ஏறக்குறைய முழுவதும் யுரேனியம்-238. மின்சாரம் தயாரிக்கும் அணு உலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 3 முதல் 5 சதவீதம் தேவை. 20 சதவீதத்தைத் தொட்டாலே அது உயர்செறிவு யுரேனியம் என்ற வகைக்குள் வந்துவிடும். ஆயுதங்களுக்குப் பொதுவாக 90 சதவீத அளவைச் சொல்வார்கள். ஆகவே 185.7 கோட்டின் பலத்தைக் கொண்டு யுரேனியத்தில் 235இன் பங்கு எவ்வளவு என்று கண்டுவிட்டால், அரசியல் முக்கியத்துவம் கொண்ட அந்த எண் கைக்கு வந்துவிடும்.

எந்தக் கருவி பார்க்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்

காமா கதிரை உணரும் கருவிகள் எல்லாம் ஒரே கூர்மை கொண்டவை அல்ல. சோடியம் அயோடைடு படிகம் கதிர் பட்டதும் ஒளிரும். அந்த ஒளியின் அளவைக் கொண்டு ஆற்றலைக் கணிப்பார்கள். விலை குறைவு, பெரிதாகச் செய்யலாம், குளிரூட்ட வேண்டாம். ஆனால் சீசியம்-137இன் 662 கி.எ.வோ. கோட்டைச் சுமார் 7 சதவீத அகலத்தில் பூசியதுபோல் காட்டும். உயர்தூய்மை ஜெர்மானியம் அதே கோட்டைச் சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கு அகலத்தில் காட்டும். அதற்காக அதைத் திரவ நைட்ரஜனாலோ மின் குளிரூட்டியாலோ மைனஸ் 190 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். காட்மியம் துத்தநாக டெலுரைடு இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அறை வெப்பநிலையில் கையடக்கமாக இயங்குவதால் ஆய்வாளர்கள் எடுத்துச்செல்ல வசதியானது.

இந்தக் கூர்மை எப்போது தேவைப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். புளுட்டோனியம் ஆயுதத் தரமா, மின் உலையில் நீண்ட நாள் எரிந்ததா என்பதைப் புளுட்டோனியம்-240இன் பங்கு சொல்லும். ஆயுதத் தரத்தில் அது 7 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். 240இன் ஒரு கோடு 642.5 கி.எ.வோ. ஆற்றலிலும், 239இன் ஒரு கோடு 645.9லும் இருக்கின்றன. இடைவெளி மூன்றரைகூட இல்லை. சோடியம் அயோடைடுக்கு இரண்டும் ஒரே மேடு. ஜெர்மானியத்துக்கு இரண்டு தனித்தனி சிகரங்கள். கருவியின் பெயரைச் சொல்லாமல் "கதிர்வீச்சுச் சோதனை நடந்தது" என்று எழுதும் செய்தி, என்ன தெரிந்திருக்கக்கூடும் என்பதையே சொல்லாமல் விட்டுவிடுகிறது.

நேரமும் முக்கியம். கதிர்கள் தற்செயலாக வருபவை. 10,000 கதிர்களை எண்ணினால் எண்ணிக்கையின் நிச்சயமின்மை 1 சதவீதம். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும்.

பொருளே தன்னை மறைக்கிறது

இதுவரை சொன்னவை "என்ன இருக்கிறது" என்பதற்கான விடைகள். "எவ்வளவு இருக்கிறது" என்று கேட்டவுடன் நிலைமை மாறுகிறது.

காமா கதிர் ஒரு பொருளைக் கடக்கும்போது, அணு எண் அதிகமாகவும் அடர்த்தி கூடுதலாகவும் இருந்தால் விரைவில் தடுக்கப்படும். யுரேனியத்தில் இரண்டும் உச்சம்: அணு எண் 92, அடர்த்தி தண்ணீரைப் போல் 19 மடங்கு. 185.7 கி.எ.வோ. கதிரில் பாதியைத் தடுக்கக் கால் மில்லிமீட்டர் யுரேனிய உலோகம் போதும். 1 மில்லிமீட்டரில் இருபதில் ஒன்றுதான் தப்பும். 3 மில்லிமீட்டருக்குப் பின்னால் இருப்பது ஏறக்குறைய தெரியாது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சர்வதேச முகமையின் வரையறைப்படி, ஓர் அணுவெடி சாதனம் செய்யும் சாத்தியத்தைத் தள்ளிவிட முடியாத அளவு, உயர்செறிவு யுரேனியத்தில் அடங்கிய யுரேனியம்-235ஆக 25 கிலோ. புளுட்டோனியம் என்றால் 8 கிலோ. 25 கிலோ யுரேனியத்தை ஒரே உருண்டையாக வார்த்தால் விட்டம் 14 சென்டிமீட்டர்கூட வராது. அதற்குள் நொடிக்கு நூறு கோடிக்கு மேல் 185.7 கதிர்கள் பிறக்கும். அவற்றில் ஆயிரத்துக்கு நான்குகூட வெளியே வராது. மற்றவை உருண்டைக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே நின்று அளப்பவருக்கு மேல்தோல் மட்டுமே தெரிகிறது. உள்ளே கெட்டியாக இருக்கிறதா, வெற்றிடமா என்பதை இந்தக் கோடு சொல்லாது.

அதே யுரேனியத்தை மெல்லிய தகடாகப் பரப்பினால் பல மடங்கு பிரகாசமாகத் தெரியும். நிறை மாறவில்லை, வடிவம் மட்டுமே மாறியது. எனவே கதிரின் பலத்தைப் பார்த்தவுடன் "இத்தனை கிலோ" என்று சொல்வது தவறான முடிவுக்குத்தான் கொண்டுபோகும்.

குறையையே அளவுகோலாக்கிய தந்திரம்

இந்தச் சுய மறைப்பை ஒரு நன்மையாக மாற்றியதுதான் செறிவு அளவி. இத்துறையின் அழகான யோசனைகளில் இது ஒன்று. சற்று நின்று பார்க்கத் தகுந்தது.

அடர்ந்த மூடுபனிக்குள் நிற்பவருக்குச் சில அடி தூரத்துப் பனி மட்டுமே தெரியும். அதற்கப்பால் பனி ஒரு பர்லாங் நீண்டாலும் பத்து மைல் நீண்டாலும் காட்சி ஒன்றுதான். தடித்த யுரேனியமும் அப்படியே. சில மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டிவிட்டால், கூடுதலாக எவ்வளவு வைத்தாலும் உணரிக்கு வரும் 185.7 கதிர்களின் எண்ணிக்கை கூடாது. உணரியின் முன் ஒரு நிலையான துளை கொண்ட ஈயக் கவசத்தை வைத்துவிட்டால், அது எப்போதும் ஒரே கன அளவு யுரேனியத்தைத்தான் பார்க்கும். அந்த நிலையான அளவுக்குள் 235இன் பங்கு கூடினால் எண்ணிக்கை கூடும், குறைந்தால் குறையும். மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாமலேயே செறிவு தெரிந்துவிடுகிறது.

இது சரியாக வேலை செய்யச் சில நிபந்தனைகள் உண்டு.

1. மாதிரி "முடிவிலாத் தடிமன்" கொண்டதாக இருக்க வேண்டும். உலோகத்துக்கு 3 மில்லிமீட்டர் போதும். அடர்த்தி குறைந்த ஆக்சைடு தூளுக்கும் ஹெக்ஸாஃப்ளூரைடுக்கும் சென்டிமீட்டர் கணக்கில் வேண்டும்.
2. உணரி பார்க்கும் பகுதி முழுவதும் ஒரே சீரான பொருளாக இருக்க வேண்டும்.
3. கொள்கலனின் சுவர் எவ்வளவு தடிமன் என்று தெரிய வேண்டும். இரண்டே கால் டன் ஹெக்ஸாஃப்ளூரைடு கொள்ளும் உருளையின் எஃகுச் சுவர் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர். அது கதிர்களில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும். ஆகவே ஆய்வாளர்கள் மீயொலிக் கருவியால் சுவரின் தடிமனை அளந்து கணக்கில் சேர்க்கிறார்கள்.
4. செறிவு தெரிந்த மாதிரி ஒன்றைக் கொண்டு கருவியை முன்பே அளவுதிருத்தம் செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையை ஏமாற்ற நினைப்பவர் பயன்படுத்திக்கொள்ள முடியும். வெளி விளிம்பில் சொன்ன பொருளையும் நடுவில் வெற்றுப் பொருளையும் வைத்தால், இந்தக் கருவி கண்டுபிடிக்காது. அதனால்தான் உருளையை எடை போடுவதும், நியூட்ரான் அளவீடும் கூடவே வருகின்றன.

வாயுவாகக் குழாயில் ஓடும் ஹெக்ஸாஃப்ளூரைடுக்கு இதன் நேர்மாறான நிலை. வாயு மெல்லியது; கதிர்கள் ஏறக்குறைய தடையில்லாமல் வெளியேறும். ஆகவே எண்ணிக்கை, குழாயில் எவ்வளவு வாயு இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து வாயுவின் அளவைக் கணக்கிட்டு, அதைக் கொண்டு வகுத்தால் செறிவு கிடைக்கும். ஈரானுடன் வல்லரசுகள் செய்த 2015 அணு ஒப்பந்தத்துக்குப் பிறகு, 2016 ஜனவரியில் ஈரானின் நடான்ஸ் செறிவூட்டல் ஆலையில் முகமை பொருத்திய நேரலைச் செறிவுக் கண்காணிப்புக் கருவி இந்த முறையில்தான் இயங்கியது. அதற்கு முன் ஆய்வாளர் மாதிரி எடுத்து அனுப்பிக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு செய்திக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2023 தொடக்கத்தில் ஈரானின் ஃபோர்டோ ஆலையில் 83.7 சதவீதத் துகள்கள் கிடைத்ததாகச் செய்தி வந்தது. அங்கே 83.7 சதவீத யுரேனியம் கிலோ கணக்கில் குவிந்திருந்ததாகச் சிலர் புரிந்துகொண்டார்கள். அந்த எண் துகள்களைப் பற்றியது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கண்டது. காமா செறிவு அளவியோ தன் முன்னால் உள்ள மொத்தப் பொருளின் சராசரியைத்தான் சொல்லும். சில துகள்கள் அதன் கண்ணில் படவே படாது. இரண்டு முறைகளும் இரு வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன.

எத்தனை கிலோ? துணைக்கு வருபவை

உலை எரிபொருள் தயாரிப்பில் வரும் கழிவுப் பீப்பாய்களில், கந்தல் துணி, கையுறை, உலோகத் துண்டுகளுக்கு இடையே சில கிராம் யுரேனியமோ புளுட்டோனியமோ கலந்திருக்கும். இங்கே எவ்வளவு கதிர் தடுக்கப்படுகிறது என்பதை ஊகிக்க முடியாது, அளக்கத்தான் வேண்டும். ஆற்றல் தெரிந்த ஒரு கதிர் மூலத்தைப் பீப்பாயின் மறுபக்கத்தில் வைத்து, அந்தக் கதிர் எவ்வளவு கடந்துவருகிறது என்று பார்க்கிறார்கள். பீப்பாயைச் சுழற்றி, கிடைமட்டத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தம் செய்வது ஒரு முறை. மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போலப் பல கோணங்களில் அளந்து உள்படம் வரைவது அதன் மேம்பட்ட வடிவம்.

புளுட்டோனியத்தில் காமா கதிர் தனியாக வேலை செய்வதில்லை. புளுட்டோனியம்-240 தானாகவே பிளந்து, கிராமுக்கு நொடிக்கு ஆயிரம் நியூட்ரான்கள் அளவில் வெளியிடும். நியூட்ரான்கள் கன உலோகத்தை எளிதில் ஊடுருவுவதால், உருண்டையின் நடுவிலிருந்தும் வெளியே வரும். ஆனால் ஒரு நியூட்ரான் எந்த ஐசோடோப்பிலிருந்து வந்தது என்று அதன் ஆற்றலைப் பார்த்துச் சொல்ல முடியாது. காமா நிறமாலை ஐசோடோப்புகளின் விகிதத்தைத் தரும். நியூட்ரான் எண்ணிக்கை அளவைத் தரும். இரண்டையும் சேர்த்தால்தான் மொத்தப் புளுட்டோனியம் தெரியும். விகிதத்தைக் கணக்கிடும்போது அருகருகே உள்ள கோடுகளை ஒப்பிடுவதால், இடையில் உள்ள தடுப்பின் பாதிப்பும் பெருமளவு தானாகவே கழிந்துவிடுகிறது. இதற்கென அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர், லாஸ் அலமோஸ் ஆய்வகங்களில் உருவான கணினி நிரல்கள் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன.

உலையிலிருந்து வெளிவந்த எரிபொருள்

எரிந்து முடிந்த எரிபொருளில் புளுட்டோனியம் இருக்கிறது. ஆனால் அதன் மெல்லிய காமா குரல் கேட்காது. அணுப்பிளவின் மிச்சங்களான சீசியம்-137, சீசியம்-134, யூரோப்பியம்-154 ஆகியவற்றின் கதிர்வீச்சு அதை முழுவதும் மூடிவிடும். ஆகவே இங்கே நேரடிக் கேள்வியை விட்டுவிட்டு மறைமுகமாகக் கேட்கிறார்கள். சீசியம்-137இன் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 30 ஆண்டுகள். சீசியம்-134இன் அரைவாழ்வு 2 ஆண்டுகளைச் சற்றுத் தாண்டும். 662 கோட்டின் பலம் எரிபொருள் எவ்வளவு எரிந்தது என்பதையும், இரண்டு சீசியங்களின் விகிதம் உலையிலிருந்து எடுத்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதையும் காட்டும். உரிமையாளர் கொடுத்த ஆவணத்தோடு இவை பொருந்த வேண்டும்.

ஒரு எரிபொருள் கட்டில் நூற்றுக்கணக்கான தண்டுகள் இருக்கலாம். நடுவிலிருந்து சிலவற்றை உருவிவிட்டு வெற்றுத் தண்டுகளைச் செருகினால் வெளியிலிருந்து தெரியாது. இதற்காக உருவானதுதான் காமா உமிழ்வு உள்படமுறை. நீருக்கடியில் எரிபொருள் கட்டைச் சுற்றி வளையமாக உணரிகளை வைத்து, தண்டுதண்டாகப் படம் வரைகிறார்கள். முகமை 2017இல் இதை ஆய்வுப் பயன்பாட்டுக்கு ஏற்றது. எரிபொருளை நிலத்தடிப் பாறைக்குள் நிரந்தரமாகப் புதைக்கும் ஃபின்லாந்தின் ஓன்கலோ போன்ற திட்டங்களுக்கு இது மிக அவசியம். புதைத்த பின் மறுபடி எடுத்துச் சரிபார்க்க வழியில்லை.

எல்லைச் சாவடியில் ஏன் தவறுகிறது?

ஆலையில் ஆய்வாளருக்கு நேரம் இருக்கிறது, பொருள் அருகில் இருக்கிறது, அது என்னவென்ற அறிக்கையும் கையில் இருக்கிறது. சாவடியில் இவை எதுவும் இல்லை. சில நொடிகளில் வாகனம் கடந்துபோய்விடும். அங்கே நிற்கும் பெரிய நெகிழி உணரிகள் கதிர் வந்ததைச் சொல்லுமே தவிர, எதிலிருந்து வந்தது என்று சொல்லும் கூர்மை அவற்றுக்குக் கிடையாது. உரத்தில் உள்ள பொட்டாசியம்-40, பீங்கான் ஓடுகளிலும் கிரானைட்டிலும் உள்ள தோரியம், சிகிச்சை முடிந்து திரும்பும் நோயாளியின் உடலில் உள்ள டெக்னீசியம்-99எம் எல்லாம் எச்சரிக்கை மணியை அடிக்கவைக்கும். எச்சரிக்கை வந்த வாகனத்தைத் தனியே நிறுத்தி, கூர்மையான கருவியால் மறுபடி பார்க்க வேண்டும்.

கூர்மையான கருவியையும் திணறவைக்கும் ஒரு தற்செயல் இயற்கையிலேயே இருக்கிறது. ரேடியம்-226 வெளியிடும் கோடு 186.2 கி.எ.வோ. யுரேனியம்-235இன் கோடு 185.7. அரை கி.எ.வோ. இடைவெளியை ஜெர்மானியத்தாலும் பிரிக்க முடியாது. பழைய ஒளிரும் கடிகார முகப்பில் ரேடியம் உண்டு. ஆகவே "186இல் கோடு தெரிகிறது" என்ற ஒன்றை மட்டும் வைத்து யுரேனியம் என்று முடிவு செய்யக் கூடாது. யுரேனியம்-235 என்றால் 143.8, 163.3, 205.3 ஆகிய துணைக் கோடுகள் கூடவே வர வேண்டும். ரேடியம் என்றால், அதன் வழித்தோன்றலான பிஸ்மத்-214இன் 609 கோடு வரும். ஒற்றைக் கோட்டை நம்பி வரும் "யுரேனியம் சிக்கியது" செய்திகளைப் படிக்கும்போது இதைக் கேட்க வேண்டும்.

தவறான எச்சரிக்கையைவிடக் கவலை தருவது மௌனம். 185.7 கதிர் 1 சென்டிமீட்டர் ஈயத்தைக் கடப்பதென்றால், பத்து லட்சத்தில் ஒன்றோ இரண்டோதான் தப்பும். 1999இல் பல்கேரியாவின் ரூசே எல்லையில் பிடிபட்ட சுமார் 10 கிராம் உயர்செறிவு யுரேனியம் ஈய உறைக்குள், ஒரு காரில் மறைத்துவைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது சுங்க அலுவலர்களின் சந்தேகமும் சோதனையும்தான். நியூட்ரான்களை அதிகம் வெளியிடும் புளுட்டோனியத்தை ஈயத்தால் மறைப்பது கடினம். உயர்செறிவு யுரேனியம் காமாவிலும் மெல்லியது, நியூட்ரானிலும் ஊமை. கடத்தலைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இந்தப் பொருள்தான் பெரிய தலைவலி.

வெளியிலிருந்து கதிர் பாய்ச்சிப் பார்ப்பது

பொருள் தரும் கதிர் ஈயத்தைத் தாண்டாது என்றால், தாண்டக்கூடிய கதிரை நாம் அனுப்பலாம். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 2000 கி.எ.வோ. ஆற்றல் கொண்ட காமா கதிர்களில் பாதிக்கு மேல் அதே 1 சென்டிமீட்டர் ஈயத்தைக் கடந்துவிடும். இதைப் பயன்படுத்துவதில் இரண்டு வழிகள் முக்கியம்.

1. ஒளிப்பிளவு. ஏறக்குறைய 6 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட காமா கதிர், யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிளக்கும். பிளந்த துண்டுகள் சில நொடிகள் கழித்தும் நியூட்ரான்களை வெளியிடும். கதிரை நிறுத்திய பிறகும் நியூட்ரான் வந்தால், உள்ளே பிளவுறும் பொருள் உண்டு என்று பொருள். பலமான முறை; ஆனால் யுரேனியம்-235ஐயும் 238ஐயும் பிரித்துச் சொல்வது எளிதல்ல. மிகச் சில அணுக்களை இது பிளக்கவும் செய்கிறது என்பதால், முழுக்கச் சிதைக்காத சோதனை என்று கறாராகச் சொல்ல முடியாது.

2. அணுக்கரு ஒத்திசைவு ஒளிர்வு. ஓர் அணுக்கருவின் ஆற்றல் படிக்குச் சரியாகப் பொருந்தும் காமா கதிரை அனுப்பினால், கரு அதை வாங்கிக்கொண்டு உடனே திருப்பி வெளியிடும். யுரேனியம்-235க்கு 1733, புளுட்டோனியம்-239க்கு 2143, யுரேனியம்-238க்கு 2176 கி.எ.வோ. என ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருத்தங்கள் உண்டு. ஐசோடோப்பைப் பெயர் சொல்லிக் காட்டும் முறை இது. கதிர் ஈயத்தையும் எஃகையும் ஊடுருவக்கூடியது. பொருளில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை என்றே சொல்லலாம்.

இரண்டாவது முறைக்கு ஏற்ற கதிர்மூலம் கிடைப்பதுதான் சிக்கல். வேகமாகப் பறக்கும் எலக்ட்ரான்களுக்கு எதிரே லேசர் ஒளியைப் பாய்ச்சினால், ஒளித்துகள் மோதித் திரும்பும்போது காமா கதிராகிவிடுகிறது. எலக்ட்ரானின் ஆற்றல் 350 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால், 1.17 எலக்ட்ரான் வோல்ட் லேசர் ஒளி சுமார் 19 லட்சம் மடங்கு பெருகி, 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவை எட்டும். எலக்ட்ரானின் வேகத்தைச் சிறிது மாற்றினால் காமாவின் ஆற்றலும் மாறும். தேடும் ஐசோடோப்புக்கு ஏற்பச் சுருதி சேர்த்துக்கொள்ளலாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் இரும்புக்குள் மறைத்த ஈயத்தை இப்படி அடையாளம் கண்டு, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். ஆபத்தான பொருளைத் தொடாமல் முறையைச் சோதிக்க ஈயம் நல்ல பதிலியாக இருந்தது.

ஆனால் கருவின் பொருத்தம் மிகக் குறுகியது, ஏறக்குறைய ஒரு எலக்ட்ரான் வோல்ட் அகலம். கற்றையின் ஆற்றல் 2 சதவீதம் பரவியிருந்தால்கூட, அனுப்பும் கதிர்களில் பல பத்தாயிரத்தில் ஒன்றுதான் பயன்படும். மற்றவை இரைச்சலைக் கூட்டும். ஆகவே மிகப் பிரகாசமான கற்றை வேண்டும்; அதற்குத் துகள் முடுக்கி வேண்டும். ஒரு லாரியில் ஏற்றி எல்லைக்குக் கொண்டுபோகும் நிலைக்கு இது இன்னும் வரவில்லை. ஆய்வகச் செய்தியைப் படித்துவிட்டுத் துறைமுகங்களில் நாளையே இது நிற்கும் என்று எதிர்பார்ப்பது அவசரம்.

அதிகமாகத் தெரிந்துவிடும் சிக்கல்

ஆயுதக் குறைப்பில் எதிர்மாறான பிரச்சினை எழுகிறது. 1989 ஜூலையில், கருங்கடலில் யால்டாவுக்கு அருகே நின்ற சோவியத் போர்க்கப்பலான ஸ்லாவாவில், அமெரிக்க, சோவியத் விஞ்ஞானிகள் சேர்ந்து ஓர் ஏவுகணைக் குழாயின் மேல் ஜெர்மானியம் கொண்ட உணரியை வைத்து அளந்தார்கள். குழாயைத் திறக்கவில்லை. நிறமாலையில் யுரேனியம்-235, புளுட்டோனியம்-239 இரண்டின் கோடுகளும் தெரிந்தன. உள்ளே அணு ஆயுதம் இருப்பது உறுதியானது. பின்னர் மாஸ்க்வா என்று பெயர் மாறிய இந்தக் கப்பல்தான் 2022 ஏப்ரலில் மூழ்கியது.

அந்த அளவீடு வெற்றி பெற்றதே புதிய கவலையையும் கொடுத்தது. கூர்மையான நிறமாலை, ஆயுதம் இருக்கிறது என்பதோடு நிற்காது. குறைந்த ஆற்றல் கோடுகளும் உயர் ஆற்றல் கோடுகளும் எந்த விகிதத்தில் வருகின்றன என்பதை வைத்து, இடையில் என்ன பொருள், எவ்வளவு தடிமன் என்று ஊகிக்கலாம். அது ஆயுத வடிவமைப்பின் ரகசியம். வெளியிடுவது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்துக்கே எதிரானது. 1996 முதல் 2002 வரை அமெரிக்காவும் ரஷ்யாவும் முகமையும் சேர்ந்து நடத்திய முத்தரப்பு முயற்சியில், இதற்குத் தகவல் தடுப்பு என்ற தீர்வை ஆராய்ந்தார்கள். உணரியும் கணினியும் ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கும். பெட்டி நிறமாலையை உள்ளுக்குள்ளேயே படித்து, "240இன் பங்கு வரம்புக்குள் இருக்கிறதா", "நிறை வரம்பைத் தாண்டுகிறதா" போன்ற கேள்விகளுக்குப் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ மட்டும் காட்டும். முன்பு பார்த்த 642.5, 645.9 கோடுகளைச் சுற்றிய குறுகிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை அழித்துவிடுவது இதன் ஒரு வடிவம்.

அந்தப் பெட்டியை யார் செய்வது என்பதில்தான் பேச்சு சிக்குகிறது. ஆயுதத்தின் சொந்தக்கார நாடு செய்தால், எதை வைத்தாலும் பச்சை விளக்கு எரியும்படி அமைத்திருக்கலாம் என்று ஆய்வு செய்பவர் சந்தேகிப்பார். ஆய்வு செய்பவர் கொண்டுவந்தால், நிறமாலை எங்காவது ரகசியமாகப் பதிவாகிறதா என்று சொந்தக்கார நாடு சந்தேகிக்கும். ஒரே மாதிரியான பல பெட்டிகளைச் செய்து, சிலவற்றைக் குலுக்கலில் எடுத்து இரு தரப்பும் பிரித்துப் பார்ப்பது, பழைய எளிய மின்சுற்றுகளைப் பயன்படுத்தி ஒளித்துவைக்க இடமில்லாமல் செய்வது, நிறமாலையே கணினிக்குப் போகாமல் இயற்பியல் முறையிலேயே ஒப்பிட்டு முடிவு சொல்வது என மூன்று வழிகளிலும் ஆய்வுகள் நடந்துவருகின்றன.